எல்லாம் சரி, நாயை எங்கே சார் காட்டினான்?

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. காலை எட்டு மணி. ஜவ்வாது மலைப் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. கையில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"தாத்தா, டிவியில மகாபாரதம் பார்த்திருக்கீங்களா?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்த ஆளோ என்று சந்தேகம்.

"பார்த்தேன். பழசு. இந்திக்காரன் போட்டது."

"எப்படி இருந்தது?"

ஒரு வாய் டீ குடித்தார். யோசித்தார். தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி தம்பி. ஆனா கடைசியில நாயைக் காட்டாம முடிச்சிட்டான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னாவைப் பற்றிச் சொல்வார், திரௌபதியாக வந்த ரூபா கங்குலியைப் பற்றிச் சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தால்... நாயா? எந்த நாய்?

"அவசரப்படாதே, சொல்றேன்" என்றார். அவர் சொல்வதற்குள் நாம் ஒரு ஃப்ளாஷ்பேக் போய் வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரடங்கு

1988-ம் வருஷம் அக்டோபர் 2. காந்தி ஜயந்தி அன்றைக்கு ஆரம்பித்தது, இந்திய சரித்திரத்தின் மிகப் பெரிய பங்காளிச் சண்டை. இடம்: தூர்தர்ஷன். தயாரிப்பு: பி.ஆர். சோப்ரா. டைரக்‌ஷனில் அவர் மகன் ரவி சோப்ராவுக்கும் பங்கு. மொத்தம் 94 எபிசோட். 1990 ஜூன் 24-ல் முடிந்தது. அந்த நாட்களில் ஞாயிறு காலையில் தெருவில் நடந்து போனால், ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் அதே வசனம் விட்ட இடத்திலிருந்து தொடருமாம். ரேடியோ சிலோன் காலத்துக்குப் பிறகு தெரு முழுக்க ஒரே குரலில் பேசியது அப்போதுதான் என்று பெரிசுகள் சொல்கிறார்கள்.

நான் 'சொல்கிறார்கள்' என்று எழுதக் காரணம் உண்டு. அந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அபிமன்யு வயிற்றுக்குள்ளிருந்தே சக்கர வியூகம் கற்றுக்கொண்டான். நான் அத்தனை வாரம் கேட்டும் கடைசியில் வந்தது பி.காம்.தான்.

அந்த சீரியலின் நடிகர் பட்டியலே ஒரு தனி கிளைக்கதை. பீமனாக வந்த பிரவீன் குமார் நிஜத்தில் வட்டு எறியும் வீரர். 1966, 1970 இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வாங்கியவர். துரியோதனனாக வந்த புனீத் இஸ்ஸார் யார் தெரியுமோ? 1982-ல் 'கூலி' படத்தின் சண்டைக் காட்சியில் அமிதாப் பச்சனுக்குப் பலத்த அடி பட்டதே, எதிரே நின்றவர் இவர்தான். அர்ஜுனனாக நடித்தவரின் சொந்தப் பெயர் ஃபிரோஸ் கான். வேஷம் ஒட்டிக்கொண்டு, அப்புறம் பெயரையே அர்ஜுன் என்று மாற்றிக்கொண்டார். வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. 'ஒரு முஸ்லிம் மகாபாரதத்துக்கு வசனம் எழுதுவதா?' என்று எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. அவர் எழுதினார். கடிதம் போட்டவர்களும் ஞாயிறு காலையில் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், சந்தேகமில்லை.

இந்தி தெரியாது, கதை தெரியும்

பெரியவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு இருக்குமாம். மலையிலிருந்து இறங்கி, போளூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முதலாளி வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த சீரியல் அது.

"எங்க ஊர்ல அப்பல்லாம் பொட்டி ஏது?" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில், 1986-லேயே இரண்டே கால் மீட்டருக்கு மேல் குறுக்களவு உள்ள பெரிய தொலைநோக்கியை நிறுவிவிட்டார்கள். வைணு பாப்பு பெயரில் இன்றும் இருக்கிறது. ஆக, மலையிலிருந்து கோடானுகோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரம் தெரிந்தது. அஸ்தினாபுரம் மட்டும் தெரியவில்லை!

"இந்தி புரிஞ்சுதா தாத்தா?"

"இந்தி எதுக்கு? கூத்து பார்த்தவனுக்கு பாரதம் எந்த பாஷையில வந்தா என்ன?"

பாயின்ட்! மலையைச் சுற்றிலும் போளூர், செங்கம், ஆரணி, செய்யாறு என்று எந்தப் பக்கம் இறங்கினாலும் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. திருவிழா வந்தால் மத்தியானம் பாரதம் படிப்பார்கள். ராத்திரி விடிய விடியக் கூத்து. அர்ஜுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணில் ஆள் படுத்த மாதிரி துரியோதனனைப் பிரம்மாண்டமாகச் செய்து வைத்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அது இந்தக் கூத்துக்குத்தான். திரௌபதி வழிபாட்டைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் எழுதிய பெரிய ஆராய்ச்சி நூலின் முதல் பாகம் வந்ததும் 1988-தான். சோப்ரா பம்பாயில் செட் போட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே செட்டே இல்லாமல் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது சீரியல்.

"கூத்துல துரியோதனன் சாகும்போது பொம்பளைங்க ஒப்பாரி வெப்பாங்க தம்பி. வில்லன் செத்தான்னு எவனும் கை தட்ட மாட்டான். டிவியில அந்த அழுகை பத்தல" என்றார் பெரியவர். நல்ல விமர்சகர்தான்.

மலையின் தீர்ப்புகள்

அதற்குள் டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கருத்துக் கணிப்பு களைகட்டியது.

டீ மாஸ்டர் (நாற்பது வயசு): "நான் பார்த்தது விஜய் டிவியில வந்தது சார், 2013-ல. கவர்மென்ட் குடுத்த கலர் டிவிதான். கிராபிக்ஸ் எல்லாம் பிரமாதம். ஆனா ஒவ்வொரு அம்பும் கிளம்பி, பறந்து, எதிராளி மேல படறதுக்குள்ள ரெண்டு தடவை விளம்பரம் வந்துடும். அதுக்குள்ள நான் நாலு டீ போட்டுடுவேன்."

காலேஜ் தம்பி (கையில் செல்போன்): "நான் கர்ணன் கட்சிண்ணா. செஞ்சோற்றுக் கடன்! வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல ஒரு வருஷமா அவர்தான்." 

"தப்பான இடத்துல சோறு தின்னா கடன் வட்டியோட ஏறத்தான் செய்யும்" என்று குறுக்கே விழுந்தார் டீ மாஸ்டர். தம்பி முறைத்தார். குருக்ஷேத்திரம் டீக்கடையிலேயே ஆரம்பித்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

சாமை மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அக்கா, அதுவரை வாயே திறக்கவில்லை. நான் கேட்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டே பேசினார்.

"துச்சாதனன் புடவையை இழுத்தான், கெட்டவன், சரி. கட்டின புருஷன் அஞ்சு பேரு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்களே? பெரிய மனுஷனுங்க அத்தனை பேரு சபையில பார்த்துக்கிட்டு இருந்தாங்களே? முதல் அடி அவங்களுக்கு விழுந்திருக்கணும். அந்தம்மா கேட்ட கேள்விக்கு இன்னி வரைக்கும் ஒருத்தனும் பதில் சொல்லல."

டீக்கடை கப்சிப். ஆண்கள் அத்தனை பேரும் (அடியேன் உட்பட) டீ கிளாஸுக்குள் எதையோ தேடினோம். பஸ் வந்தது, அக்கா ஏறிப் போய்விட்டார்.

ஒரு பி.காம். கணக்கு

ஆபீஸில் உட்கார்ந்து லெட்ஜர் பார்க்கும் நண்பர்களுக்காக ஒரு சின்ன ஐந்தொகை. ஓர் அக்குரோணி என்றால் தேர் 21,870. யானை 21,870. குதிரை 65,610. காலாள் 1,09,350. கூட்டினால் 2,18,700. கௌரவர் பக்கம் 11, பாண்டவர் பக்கம் 7, ஆக மொத்தம் 18 அக்குரோணி. பெருக்கினால் 39,36,600.

முதலீடு அவ்வளவு. பதினெட்டு நாள் கழித்துக் கையிருப்பு? பாண்டவர் ஐவர், கிருஷ்ணன், சாத்யகி. எதிர்ப்பக்கம் அசுவத்தாமன், கிருபர், கிருதவர்மன். ஆகப் பத்துப் பேர். கட்சி மாறிய யுயுத்சுவையும் சேர்த்தால் பதினொன்று.

இதைத் தவிர்த்திருக்க ஆகியிருக்கும் செலவு: ஐந்தே ஐந்து கிராமம். தருமன் கடைசியாகக் கேட்டது அவ்வளவுதான். ஊசி முனை நிலம்கூடக் கிடையாது என்றான் துரியோதனன். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டான் சார் இந்த பாலன்ஸ் ஷீட்டில்!

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டு பாலன்ஸ் ஷீட்டும் இதே லட்சணம்தான்.

போளூரில் எங்கள் வீடு ஒரு காலத்தில் ஒரே வீடு. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஒரு டயனோரா டிவி வாங்கி, தெருவையே கூடத்தில் உட்கார வைத்து மகாபாரதம் பார்த்தவர்கள். 2011-ல் பாகப் பிரிவினை. கொல்லைப்புறக் கிணற்றுக்குப் போகிற மூன்றடிப் பாதை யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டது. நடுவில் சுவர் எழும்பியது. வழக்கு இன்றும் வாய்தாவில் இருக்கிறது. மூன்றடி நிலத்தின் விலையைப் போல இதுவரை எத்தனை மடங்கு செலவு என்று நான் ஒரு நாள் கணக்குப் போட்டேன். அப்பா காகிதத்தை வாங்கி, மடித்து, ஜன்னலில் ஆடுகிற கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டார்.

2020 மார்ச் 28. கொரோனா ஊரடங்கு. தூர்தர்ஷனின் பாரதி சேனலில் பழைய மகாபாரதத்தை மறுபடி போட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா. அந்தப் பக்கம் பெரியப்பா. இரண்டு பேரும் அதே சங்கு சத்தம், அதே வசனம், முழு வால்யூமில். சூதாட்டக் காட்சியில் சகுனி காயை உருட்டியபோது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "சே!" என்று சத்தம் வந்ததை நான் காதால் கேட்டேன். யார் கௌரவர், யார் பாண்டவர்? இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் கேட்டால் இந்தப் பக்கம்.

உள்நாட்டுப் போர் என்று சரித்திரப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதை ஆரம்பத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மூன்றடிப் பாதை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த நாய்

இப்போது பெரியவருக்கு வருவோம். இரண்டாவது டீ முடிந்திருந்தது.

"யுத்தத்துல ஜெயிச்சாங்க. பட்டம் கட்டினாங்க. அதோட சுபம் போட்டுட்டான் உங்க சீரியல்காரன். அப்புறம் என்னா ஆச்சி? எல்லாத்தையும் வுட்டுட்டு வடக்க பார்த்து நடந்தாங்க. திரௌபதி விழுந்தாங்க. சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன், ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. கடேசி வரைக்கும் தருமன் கூட நடந்தது யாரு? ஒரு நாய்! தேர் வந்து நின்னு, ஏறுன்னு சொன்னா, நாயை வுட்டுட்டு வரமாட்டேன்னுட்டான். அதைக் காட்டலன்னா பாரதத்துல என்னா இருக்குது?"

வாஸ்தவம். தூர்தர்ஷன் மகாபாரதம் தருமன் பட்டாபிஷேகம், பீஷ்மர் மறைவோடு நிறைந்துவிட்டது. சோப்ராவை மட்டும் குறை சொல்வானேன்? நம்முடைய வில்லிபுத்தூராரே பத்துப் பருவத்தோடு, யுத்தம் முடிந்த கையோடு நிறுத்திக்கொண்டவர்தான். பெரியவர் இந்தக் கதையைக் கேட்டது, சின்ன வயசில், செங்கம் பக்கம் ஒரு பாரதப் பிரசங்கியிடம்.

"நாய் மேல உங்களுக்கு ஏன் தாத்தா இவ்வளவு அக்கறை?"

"நாங்க இந்த மலைக்கு வந்ததே நாயாலதானே?"

அவர் சொன்ன கதை, வெள்ளைக்காரர் காலத்து வட ஆற்காடு மாவட்டக் குறிப்புகளிலும், எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைவாசி மக்களின் பூர்வகதை.

காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் பெண்கள் ஏழு பேரை, கங்குந்தி வேடர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் கிளம்பினார்கள், கூடவே நாய்களும். போகும்போது மனைவிகளிடம் சொன்னார்கள்: "நாய் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால், நாங்கள் செத்துப்போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்." பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி, காஞ்சிபுரத்துக்கே ஓடிவிட்டன. அங்கே ஊர் அழுதது. கருமாதி முடித்தது. மனைவிகள் தாலி அறுத்தார்கள்.

ஏழு பேரும் சண்டையில் ஜெயித்தார்கள். பெண்களை மீட்டுக்கொண்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்தால்... வீட்டில் அவர்கள் செத்துப்போயிருந்தார்கள்! கருமாதி முடிந்தவனுக்கு ஊரில் இடமில்லை. திரும்பி நடந்தார்கள். வேடர் குலத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள்.

"சண்டையில ஜெயிச்சவங்க வம்சம்தான் நாங்க" என்றார் பெரியவர். "ஆனா ஜெயிச்சிட்டு வந்து பார்த்தா வீடு இல்ல. தருமனுக்கும் அதானே? பாதி ஆத்துல நாய் திரும்பிட்டா இந்த மலை. திரும்பாம கூடவே வந்தா சொர்க்கம். அவ்ளோதான் தம்பி வித்தியாசம்."

நான் நோட்டை மூடிவிட்டேன். இதற்கு மேல் கருத்துக் கணிப்பு வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்துக்கே நாய் ராசி போலிருக்கிறது. செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர் போனது. எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். எஜமானன் விழுந்த பிறகும் போகாமல் நின்று, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ சண்டையில் செத்த எத்தனையோ பேருடைய பெயர் நமக்குத் தெரியாது. கிட்டத்தட்ட ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் தெரிகிறது!

சுவருக்கு மேலே

மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு ராத்திரி, சாப்பிடும்போது அப்பாவிடம் பெரியவர் சொன்ன கதையைச் சொன்னேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. எங்கள் வீட்டில் காலையில் இட்லி சாப்பிடும்போது அதன் பெயர் மணி. சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெரியப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போது ஜிம்மி. பாகப் பிரிவினைப் பத்திரத்தில் அதைச் சேர்க்க இரண்டு தரப்பு வக்கீலும் மறந்துவிட்டார்கள்.

நான் மலையிலிருந்து வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மணியைக் காணவில்லை. காலையில் இட்லி அப்படியே காய்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. அப்பா வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு தடவை நடந்தார். நான் தேடிப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். "நீ இரு" என்றார்.

கொல்லைப்புறச் சுவரோரம் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். இரண்டாம் தடவை கனைத்தார். பதினான்கு வருஷம் ஆயிற்றே, குரல் உடனே வருமா?

"அண்ணே... மணி அங்க வந்துச்சா?"

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. நானும் அம்மாவும் சமையலறை வாசலில் மூச்சுவிடாமல் நின்றோம்.

"மணின்னு யாரும் இல்ல" என்றது பெரியப்பாவின் குரல். "ஜிம்மிதான் கால்ல அடிபட்டுப் படுத்திருக்கு. மஞ்சள் பத்துப் போட்டிருக்கேன்."

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கு இட்லின்னா பிடிக்கும்" என்றார்.

"குடுத்தனுப்பு."

அவ்வளவுதான் பேச்சு. பெரிதாக எதிர்பார்த்துவிடாதீர்கள், வழக்கு வாபஸ் ஆகவில்லை. சுவரும் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த வாய்தா அடுத்த மாசம். ஆனால் அன்றைக்கு நாலு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, வழக்கில் இருக்கிற அதே மூன்றடிப் பாதை வழியாக நான்தான் நடந்து போனேன்.

நடக்கத் தாராளமாக இடம் இருந்தது சார்.